வெள்ள மாதிரிகளைப் படமாக அல்ல, ஓடும் கோப்பாக வெளியிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போதெல்லாம் சென்னையில் எத்தனை கிலோமீட்டர் மழைநீர் வடிகால் கட்டினார்கள், எத்தனை கிலோமீட்டர் தூர்வாரினார்கள் என்ற செய்திகள் நாளிதழ்களில் வருகின்றன. ஒரு தெருவின் வடிகால் மூன்றடி அகலமாக இருக்க வேண்டுமா, நாலரை அடியாகவா என்பதை எதை வைத்து முடிவு செய்தார்கள் என்பது மட்டும் வெளியே தெரிவதில்லை. இன்றைக்கு அதை முடிவு செய்வது கணினி மாதிரி, அதாவது மழைநீர் எந்த வடிகாலில் எவ்வளவு ஓடும், எங்கே நிற்கும் என்று கணினியில் போட்டுப் பார்க்கும் கணக்கு. கொசஸ்தலையாறு வடிநிலத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி, கோவளம் வடிநிலத்துக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வளர்ச்சி வங்கி, அடையாறு, கூவம் வடிநிலங்களுக்கு உலக வங்கி எனக் கடன் வாங்கித் திட்டங்களை நடத்தியிருக்கும் நகரம் இது. இந்த அளவுத் திட்டங்களுக்கு அடிப்படையாக அமையும் மாதிரிகள் பொதுவாக என்ன ஆகின்றன? திட்ட அறிக்கையின் பின்னிணைப்பில் நீலமும் சிவப்பும் பூசிய படமாக அச்சாகின்றன. மாதிரிக் கோப்பு அதைச் செய்தவர்களின் கணினியிலேயே தங்கிவிடுகிறது. படத்தில் தன் தெரு நீலமாக இல்லை, அதாவது அங்கே தண்ணீர் நிற்காது என்று இருப்பதைப் பார்க்கும் ஒருவர், அது ஏன் தவறு என்று காட்ட வழியே இல்லை. கோப்பு கையில் இருந்தால் வழி உண்டு. அதை விரிவாகச் சொல்லவே இந்தக் கடிதம்.

நகர வடிகால்களுக்கு உலகெங்கும் அதிகம் பயன்படும் மென்பொருள்களில் ஒன்று எஸ்.டபிள்யூ.எம்.எம். (மழைநீர் மேலாண்மை மாதிரி). பொறியாளர்கள் ‘ஸ்விம்’ என்றே சொல்வார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1971-இல் முதல் பதிப்பை வெளியிட்டது. இலவசம்; மூலநிரலும் திறந்தது. ஒரு வார்டு அளவுக்கு, சில நூறு சந்திகள் (வடிகால்கள் ஒன்றோடொன்று சேரும் இடங்கள்) கொண்ட மாதிரியைச் சாதாரண மடிக்கணினி சில நிமிடங்களில் ஓட்டி முடித்துவிடும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, அதன் உள்ளீடான ஐ.என்.பி. கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்தால் எந்த வடிகால் எந்தச் சந்தியிலிருந்து எந்தச் சந்திக்குப் போகிறது, அகலம் எவ்வளவு, அடிமட்டம் எவ்வளவு என்று வரிவரியாகப் படிக்கலாம். இரண்டு பதிப்புகளை ஒப்பிட்டு எந்த வரி மாறியது என்றும் பார்க்கலாம். பொதுமக்களிடம் பகிர்வதற்கு இதைவிடத் தோதான வடிவம் கிடைப்பது அரிது.

மாதிரியில் மக்களுக்கு என்ன வேலை என்று அதிகாரிகள் கேட்கக்கூடும். ஒரு கணக்கைப் பார்க்கலாம். 90 செ.மீ. அகலம், 90 செ.மீ. நீராழம் கொண்ட கான்கிரீட் பெட்டி வடிகால். வாட்டம், அதாவது சரிவு, ஆயிரத்துக்கு ஒன்று. மேனிங் சொரசொரப்பு எண் 0.015 (வடிகாலின் உட்பரப்பு நீரோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் எண்; கூடினால் ஓட்டம் குறையும்). இது நிரம்பி ஓடும்போது நொடிக்கு ஏறத்தாழ 765 லிட்டர் கடத்தும். மணிக்கு 60 மி.மீ. மழை பெய்து அதில் எண்பது சதவீதம் வடிந்தால் ஒரு ஹெக்டேரிலிருந்து நொடிக்கு 133 லிட்டர் வரும். அப்படியானால் இந்த வடிகால் ஐந்தே முக்கால் ஹெக்டேருக்குப் போதும். அடியில் 30 செ.மீ. வண்டல் படிந்துவிட்டால்? ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குதான் போனது. ஆனால் கடத்தும் அளவு 460 லிட்டராகக் குறைகிறது, அதாவது நாற்பது சதவீதம் போய்விடுகிறது. வண்டலோடு கட்டடக் கழிவும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து சொரசொரப்பு 0.020 ஆனால் 345 லிட்டர்தான். ஐந்தே முக்கால் ஹெக்டேருக்குக் கட்டியது இரண்டரை ஹெக்டேருக்குத்தான் உதவும். வரைபடத்தை வைத்து மாதிரி செய்பவர் 90 செ.மீ. என்றே எழுதுவார். உள்ளே 30 செ.மீ. வண்டல் கிடப்பதும், குடிநீர்க் குழாயும் கேபிளும் வடிகாலைக் குறுக்கே துளைத்துப் போவதும், பழைய சிறுபாலத்தின் ஒரு கண் சுவர் வைத்து அடைபட்டிருப்பதும் அந்தத் தெருக்காரர்களுக்குத்தான் தெரியும்.

ஸ்விம்மில் செவ்வக வடிகாலுக்கு வண்டல் ஆழம் என்று தனிக் கட்டம் கிடையாது. வட்டக் குழாய்க்கு மட்டும் ‘நிரம்பிய வட்டம்’ என்ற வடிவம் உண்டு. செவ்வகத்துக்கு நாமே உயரத்தை 30 செ.மீ. குறைத்து, இரு முனைகளிலும் அடிமட்டத்தை அதே 30 செ.மீ. உயர்த்த வேண்டும். பலர் உயரத்தை மட்டும் குறைத்துவிட்டு அடிமட்டத்தை மறந்துவிடுகிறார்கள். அப்போது மாதிரியில் வண்டல் அடியில் படியாமல் கூரையில் ஒட்டியதுபோல் ஆகிவிடும். தாழ்ந்த நீர்மட்டத்தில் எல்லாம் நன்றாக ஓடுவதாகக் காட்டும். கோப்பு வெளியில் இருந்தால் ஒரு பொறியியல் மாணவர்கூட இதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்.

சென்னைக்கு இதைவிடப் பெரிய பிழை வடிகாலின் முகத்துவாரத்தில் நடக்கிறது. வடிகால் ஆற்றிலோ பக்கிங்காம் கால்வாயிலோ சேரும் இடத்தில் அங்கே நீர்மட்டம் எவ்வளவு என்று மாதிரிக்குச் சொல்ல வேண்டும். ‘தடையற்ற வெளியேற்றம்’ என்ற தேர்வை அப்படியே விட்டுவிட்டால், ஆறு எவ்வளவு நிரம்பினாலும் வடிகால் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருப்பதாகக் கணக்கு வரும். உண்மையில் கடல் ஏறியிருக்கும்போது அடையாறும் கூவமும் உள்வாங்காது. வடிகாலில் தண்ணீர் எதிர்த்துப் பின்னோக்கி வரும். சென்னையில் பெரிய ஓதத்தின்போது (கடல் மட்டம் தினமும் ஏறி இறங்குவதே ஓதம்) ஏற்ற இறக்க வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர். புயல் வந்தால் அதற்கு மேலும் ஏறும். ஆயிரத்துக்கு ஒன்று வாட்டமுள்ள வடிகாலில் ஒரு மீட்டர் என்பது ஒரு கிலோமீட்டர் நீளத்தின் மொத்த வாட்டம். ஆகவே முகத்துவார மட்டத்தை மணிக்கு மணி மாறும் வரிசையாகத்தான் கொடுக்க வேண்டும். கணக்கு முறையிலும் ‘டைனமிக் வேவ்’ தேர்வே வேண்டும்; ‘கைனமேடிக் வேவ்’ பின்னோக்கு ஓட்டத்தைக் கணக்கில் எடுக்காது. ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் மணல் திட்டு எப்போது அடைத்தது, எத்தனை நாள் கழித்து வெட்டிவிட்டார்கள் என்பதை எந்தக் கருவியைவிடவும் மீனவர்கள் துல்லியமாகச் சொல்வார்கள். அவர்களிடம் கேட்காமல் அடையாறு மாதிரி செய்வது அரைகுறை வேலை.

மட்டங்களில் இன்னொரு கண்ணி இருக்கிறது. துறைமுக ஓத அட்டவணையின் பூஜ்யம், நில அளவையின் சராசரிக் கடல் மட்டத்துக்குச் சென்னையில் அரை மீட்டருக்கு மேல் கீழே இருக்கிறது. அட்டவணை எண்ணை அப்படியே எடுத்துப் போட்டால் கடல் அவ்வளவு உயர்ந்து நிற்கும். ஒப்பந்ததாரர்கள் வேலையிடத்தில் ஒரு கல்லுக்கு 100.000 மீட்டர் என்று தாங்களே மட்டம் வைத்துக்கொள்வதும் வழக்கம். இரண்டு ஒப்பந்தங்களின் வடிகால்கள் சேரும் இடத்தில் இந்த இரண்டு ‘நூறுகளும்’ ஒன்றல்ல என்று தெரியாமல் மாதிரியில் இணைத்தால் வாட்டம் தலைகீழாகும். ஆற்றில் வரும் நீருக்கும் இதே கதி. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் திறக்கப்பட்டது அரசுக் கணக்கின்படி நொடிக்கு 29,000 கன அடி. மாதிரி கன மீட்டரில் இருந்தால் அது 821. அதோடு அடையாற்றுக்கு மேலே உள்ள ஏரிகளின் கலங்கல்களிலிருந்து வழிந்த உபரிநீர் தனி. நகர எல்லையில் இந்த வரத்தைச் சேர்க்காத மாதிரி, மழை முழுவதும் நகருக்குள்தான் பெய்தது என்று எண்ணிக்கொண்டிருக்கும்.

மழையைக் கொடுப்பதிலும் கவனம் வேண்டும். வானிலைத் துறையின் தினசரி அளவு காலை எட்டரை முதல் மறுநாள் எட்டரை வரை. அந்த 200 மி.மீ.-ஐ இருபத்து நாலால் வகுத்து மணிக்கு 8.3 மி.மீ. என்று கொடுத்தால் பெரும்பாலான தெருக்களில் தண்ணீர் நிற்காததாகவே மாதிரி காட்டும். அதே மழையில் ஒரு மணி நேரத்தில் 80 மி.மீ. கொட்டியிருக்கக்கூடும். தானியங்கி மழைமானியின் 15 நிமிடப் பதிவே தேவை. அதிலும் 15 நிமிடத்தில் 15 மி.மீ. என்பது ‘அளவு’, ‘தீவிரம்’ என்று பார்த்தால் மணிக்கு 60 மி.மீ. மென்பொருளில் தீவிரம் என்று தேர்வு செய்துவிட்டு 15 என்று நிரப்பினால் மழை கால்பங்காகிவிடும். எங்கள் அனுபவத்தில் பகிரப்பட்ட மாதிரிகளில் அடிக்கடி தென்படும் பிழை இதுதான். நவம்பரில் மண் ஏற்கெனவே ஊறிப்போய், நிலத்தடி நீர் மேலே வந்திருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. காய்ந்த மண்ணாகத் தொடங்கினால் மாதிரி நிறையத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அக்டோபர் 1 முதல் தொடர்ச்சியாக ஓட்டி, பெருமழைக்கு முந்தைய நாள் நிலையைச் சேமித்து அங்கிருந்து தொடங்குவதே சரி.

மாதிரி வெள்ளத்தையே மறைத்துவிடும் ஓர் அமைப்பும் உண்டு. ‘தேங்க அனுமதி’ என்ற தேர்வு போடப்படாமல் இருந்தால், மேன்ஹோல் வழியே பொங்கும் தண்ணீர் கணக்கிலிருந்தே வெளியேறிவிடும். திரும்பி வடிகாலுக்குள் வராது. அடுத்த மணி நேரத்தில் தெரு காய்ந்துவிட்டதாக அறிக்கை வரும். மூன்று நாள் முழங்கால் தண்ணீரில் நின்ற மக்களிடம் அந்த அறிக்கையைக் காட்டுவது எவ்வளவு பெரிய அநியாயம்! அறிக்கையின் முதல் பக்கத்திலேயே நீர்க்கணக்குப் பிழை சதவீதமும் (உள்ளே வந்த நீருக்கும், வெளியேறியதும் தங்கியதும் சேர்ந்த நீருக்கும் கணக்கில் வரும் வேறுபாடு), பொங்கி வெளியேறிய மொத்த அளவும் இருக்கும். பிழை ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. பத்தைத் தாண்டினால் மாதிரியை ஓட்டிய அந்தக் கணக்கை நம்பக் கூடாது. அப்படி வந்தால் மாதிரி கணக்கிடும் நேர இடைவெளியை 30 நொடியிலிருந்து ஐந்துக்கோ அதற்குக் கீழோ குறைத்துப் பார்க்க வேண்டும். குட்டையான வடிகால் துண்டுகள்தான் பெரும்பாலும் காரணம்.

இனி மக்கள் தர வேண்டியது. “எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர்” என்பது பயனுள்ள செய்திதான், ஆனால் 80 முதல் 100 செ.மீ. வரை என்ற அளவில்தான் எடுத்துக்கொள்ள முடியும். அளவு நாடாவால் அளந்தால் அதன் மதிப்பே வேறு. சுவரில் தண்ணீர் நின்ற கறையின் உச்சியிலிருந்து, இடம் மாறாத பொதுப் பொருள் ஒன்றின் அடித்தளம் வரை அளக்க வேண்டும்: எண் எழுதிய தெருவிளக்குக் கம்பத்தின் கான்கிரீட் பீடம், அடிபம்பு மேடை, சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவர். சாலைப் பரப்பிலிருந்து அளக்கக் கூடாது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போடுவதால் அந்தப் பரப்பே உயர்ந்துகொண்டிருக்கிறது. நாடா தெரியும்படி ஒரு படம், தேதி, தண்ணீர் நிற்கத் தொடங்கிய நேரம், உச்சத்தைத் தொட்ட நேரம், வடிந்த நேரம். இந்த நேரங்கள்தான் தங்கம். அதோடு இரண்டு கேள்விகளுக்குப் பதில்: தண்ணீர் சாலை வழியே வந்ததா, வடிகால் மூடி வழியே மேலெழுந்ததா? எந்தத் திசையில் ஓடியது? வடிகால் வழியே மேலெழுந்தது என்று பத்துப் பேர் சொன்னால், அந்தத் தெருவில் வடிகாலை அகலமாக்கிப் பயனில்லை. சிக்கல் கீழே, சேருமிடத்தில் இருக்கிறது. மோட்டார் வைத்து இறைத்தார்களா, எந்த மணி முதல் எந்த மணி வரை என்பதும் வேண்டும். இல்லாவிட்டால் இறைத்து வடிந்ததை வடிகால் வடித்ததாக மாதிரி கற்றுக்கொள்ளும்.

இதிலும் தவறுகள் நேரும். பூசிய செங்கல் சுவர் தண்ணீரை உறிஞ்சி மேலேற்றுவதால் ஈரக்கறை உண்மை மட்டத்தைவிடச் சில செ.மீ. உயர்ந்து தெரியும், சேற்றுக் கோடோ ஒட்டிய இலைதழையோ நம்பகமானது. பேருந்து போகும் சாலையோரச் சுவரில் அலை அடித்த கறை வேறு. செல்பேசியின் ஜி.பி.எஸ். இடத்தைச் சில மீட்டர் பிழையோடு சொல்லும்; உயரத்துக்கு அதை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது, பல மீட்டர் தவறும். செயற்கைக்கோளிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் 30 மீட்டர் கட்ட உயரத் தரவும் தெரு அளவுக்கு உதவாது. கம்பத்தின் பீடத்துக்குக் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதை மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவியோடு ஒரு முறை எடுத்துவிட்டால் போதும். அருகிலுள்ள பொறியியல் கல்லூரியின் சிவில் துறை மாணவர்களுக்கு அது செய்முறைப் பயிற்சியாகவே அமையும். வீட்டு எண் மட்டும் எங்கும் பதிவாகக் கூடாது. இன்ன வீட்டில் நாலடி தண்ணீர் என்று வெளிவந்தால் வாடகையும் விற்பனை விலையும் பாதிக்கும், அந்தப் பயத்தில் அடுத்த முறை யாரும் தகவல் தரமாட்டார்கள். கம்பத்து எண் போதும்.

மக்கள் தருவார்களா என்ற ஐயம் தேவையில்லை. 2015 வெள்ளத்தின்போதே யாரும் திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் மேல் தண்ணீர் நின்ற தெருக்களை மக்கள் தாமாகவே குறித்தார்கள். இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் ‘பெத்தா பென்சானா’ என்ற அமைப்பின்வழி மக்கள் அனுப்பும் வெள்ளத் தகவல் உடனுக்குடன் பொது வரைபடத்தில் ஏறுகிறது. இங்கே குறைவது, வந்த தகவலைப் பெற்றுக்கொண்டு மாதிரியைத் திருத்தும் ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டில் ஓர் ஒழுங்கு கட்டாயம் வேண்டும். தகவல் வந்ததும் சொரசொரப்பு எண்ணை ஏற்றி இறக்கி ஒரு தெருவைச் சரிக்கட்டினால் அடுத்த தெரு கெடும். முதலில் இணைப்புகளும் அளவுகளும், அடுத்து மட்டங்கள், அடுத்து முகத்துவார நிலை, அடுத்து மழை. இவை அனைத்தும் சரியென்று உறுதியான பிறகே சொரசொரப்பையும், நீர்ப்பிடிப்பின் (மழைநீர் வடிகாலுக்கு வந்து சேரும் பரப்பின்) அகலத்தையும் தொட வேண்டும். கான்கிரீட்டுக்கு 0.013 முதல் 0.020 வரை நியாயமானது. 0.05 கொடுத்தால்தான் களத்து மட்டம் வருகிறது என்றால் உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது என்று பொருள்; எண்ணை மாற்றாமல் ஆளை அனுப்பி மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். இரண்டு மழைகளை வைத்துத் திருத்தி, திருத்தத்துக்குப் பயன்படுத்தாத மூன்றாவது மழையில் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு திருத்தமும் யார் சொன்ன எந்தச் சான்றின் பேரில், எந்தத் தேதியில், எந்த வரியில் என்று பதிவேட்டில் ஏற வேண்டும். வார்டு உதவிப் பொறியாளர் நேரில் பார்த்து ஒப்பமிட்ட பிறகே அது அடுத்த பதிப்பில் சேர வேண்டும்.

பகிரும்போது நேரும் சில்லறைச் சிக்கல்கள்தான் பலரைத் துரத்திவிடுகின்றன. மழைக் கோப்பின் முகவரி ‘டி’ டிரைவில் யாரோ ஒருவரின் பெயர்கொண்ட கோப்புறையைக் காட்டும். வேறு கணினியில் மாதிரி திறக்கும், ஓடாது. மழைத் தரவை ஐ.என்.பி.க்குள்ளேயே சேர்ப்பதோ, எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் வைப்பதோ இதைத் தீர்க்கும். 5.2 பதிப்பில் வந்த சாலை நீர்வாய் அமைப்புகளைப் பயன்படுத்திய மாதிரியை 5.1 புரிந்துகொள்ளாது, பதிப்பு எண்ணைக் குறிப்பிட வேண்டும். ஆயத்தொலைவு (இடங்களைக் குறிக்கும் வரைபட எண்கள்) யு.டி.எம். 44 வடக்கு என்றும், மட்டங்கள் சராசரிக் கடல் மட்டத்திலிருந்து என்றும், நீரோட்ட அலகு என்ன என்றும் மேலே நாலு வரி எழுதினால் போதும். ஆற்றுக்கு ஹெச்.இ.சி.–ராஸ் என்ற இன்னொரு மாதிரி மென்பொருளைப் பயன்படுத்துவோர் திட்டக் கோப்பை மட்டும் அனுப்பிவிடுகிறார்கள். வடிவவியல், ஓட்டத்திட்டம், நீர்வரத்துக் கோப்புகளும் நிலப்பரப்புக் கோப்புறையும் இல்லாமல் அது வெறும் தலைப்பு. கடைசியாக ஓட்டியபோது வந்த அறிக்கைக் கோப்பையும் உடன் வைக்க வேண்டும். பெறுபவர் தாமே ஓட்டி அதே எண்கள் வருகின்றனவா என்று பார்த்த பிறகே மாற்றம் செய்யத் தொடங்கலாம்.

பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுப்பதற்கும் இப்போது பெரிய இடமில்லை. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட புவியிடத் தரவு வழிகாட்டுதல்கள், இந்தியர்கள் எந்தத் துல்லியத்திலும் வரைபடத் தரவைத் திரட்டவும் வெளியிடவும் முன்அனுமதித் தேவையை நீக்கிவிட்டன. பாதுகாப்பு முக்கியத்துவமுள்ள சில இடங்களின் விவரங்களுக்கு மட்டுமே கட்டுப்பாடு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் பிரிவு 4, கேட்காமலேயே தகவலை வெளியிடும் கடமையை அரசு அமைப்புகளுக்கு விதித்திருக்கிறது. மக்கள் பீதியடைவார்கள் என்பதையும் நாங்கள் ஏற்கவில்லை. தன் தெருவில் எந்த மழைக்கு எத்தனை அடி நிற்கும் என்று தெரிந்த குடும்பம் வண்டியையும் கேஸ் சிலிண்டரையும் நேரத்தோடு மேலேற்றும்.

எங்கள் கோரிக்கை இது. பொதுப்பணத்தில் நடக்கும் ஒவ்வொரு மழைநீர் வடிகால் திட்டத்தின் ஆலோசனை ஒப்பந்தத்திலும், ஓடும் நிலையிலுள்ள மாதிரிக் கோப்பு, மழை மற்றும் ஓதத் தரவு, உயரம் அளந்து குறித்த மட்டக்குறிகளின் பட்டியல் ஆகிய மூன்றையும் மறுபயன்பாட்டு உரிமத்தோடு ஒப்படைத்தால்தான் இறுதித் தவணை என்ற நிபந்தனை சேர வேண்டும். ஏற்கெனவே முடிந்த திட்டங்களின் கோப்புகளை இந்த அக்டோபருக்குள் மாநகராட்சியும் நீர்வளத் துறையும் வெளியிட வேண்டும். முழு நகரத்துக்கும் ஒரே நாளில் முடியாதென்றால் பள்ளிக்கரணையிலிருந்து தொடங்கலாம். சதுப்பு நிலம், ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காடு முகத்துவாரம் என்று தண்ணீர் போகும் பாதை அங்கே தெளிவாக இருக்கிறது. ஒவ்வொரு மழையிலும் நீர்மட்டம் பார்த்துச் சொல்லக் கூடிய குடியிருப்போர் சங்கங்களும் பாதை நெடுக இருக்கின்றன.

இப்படிக்கு,
நகர நீரியல் மாதிரியாக்கத்தில் பணிபுரியும் பொறியாளர்கள் சிலர்,
சென்னை.